ஒன்பது நாள் வெள்ளை வெளிச்சம்

பகல் பதினொன்றே முக்காலுக்குப் பிலோமினாவின் கைபேசியில் படம் உறைந்து நின்றது. அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கணவர், மூக்கில் ஆக்சிஜன் குழாய், மடியில் செய்தித்தாள். பக்கத்தைத் திருப்பத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது. பிறகு படம் கறுத்து, 'இணைப்பு இல்லை' என்று எழுத்து வந்தது.

அவள் மேற்கு தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலைமைச் செவிலி. கணவர் ஞானசீலன் தமிழ்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். நுரையீரல் மெல்ல இறுகிக்கொண்டே போகும் நோய் அவருக்கு. நான்கு வருடமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜனக்புரியில் மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. காலை எட்டு முதல் மாலை நான்கு வரை அவர் தனியாகத்தான் இருப்பார். அந்த எட்டு மணி நேரமும் படுக்கையறைக் கேமரா வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே அவள் வேலை செய்தாள். வார்டில் ரவுண்டு போகும்போதும் கைபேசி கோட்டுப் பையில் திறந்தபடி இருக்கும்.

உடனே அழைத்தாள்.

"ஏங்க, மூச்சு எப்படி இருக்கு?"

"மூச்சுக்கு ஒண்ணுமில்ல. பெட்டிதான் செத்துப்போச்சு."

"என்ன கலர்ல எரியுது?"

"ஆரஞ்சு. மினுக்கு மினுக்குன்னு அடிக்கி. இரு, இப்போ செவப்பாயிட்டு."

வீட்டில் வைஃபைக்கு மூன்று பெட்டிகள் இருந்தன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஜோபின் போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வாங்கி மாட்டியவை. ஹாலில் இருப்பதுதான் தாய்ப் பெட்டி. வெளியிலிருந்து வரும் நெட் அதற்குள் வந்து, அங்கிருந்து சமையலறைப் பெட்டிக்கும் படுக்கையறைப் பெட்டிக்கும் போகும். எல்லாம் சரியாக இருந்தால் மூன்றிலும் வெள்ளை விளக்கு அசையாமல் எரியும். ஆரஞ்சு என்றால் தாய்ப் பெட்டியைத் தேடுகிறது. சிவப்பு என்றால் கிடைக்கவில்லை.

"ஹால் பெட்டி?"

"அது வெள்ளையாத்தான் இருக்கும். எந்திரிச்சுப் போய்ப் பாக்கணுமா?"

"வேண்டாம், வேண்டாம். நீங்க அசையாதீங்க."

ஐந்து நிமிடத்தில் படம் தானாகத் திரும்ப வந்தது. அவர் கேமராவைப் பார்த்துக் கையசைத்தார். பிலோமினா அன்று மாலை வரை கைபேசியைப் பைக்குள் வைக்கவேயில்லை.

மே மாதத்தின் மூன்றாவது வாரம். வெயில் நாற்பத்தைந்தைத் தொட்டிருந்தது. ஜோபின் போனில் சொன்னதையெல்லாம் இருவரும் செய்து பார்த்தார்கள். பெட்டியை அலமாரி மேலிருந்து ஜன்னலோரம் மாற்றினார்கள். பின்பக்கத் துளையில் ஊசியை நுழைத்து அழுத்தி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இணைத்தார்கள். சமையலறைப் பெட்டியைக் கொண்டுவந்து படுக்கையறையில் வைத்தார்கள். படுக்கையறைக்கு வந்ததும் அதுவும் அதே மாதிரி ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் போனது.

"அப்போ பெட்டியில கோளாறு இல்ல," என்றார் ஞானசீலன்.

நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு பெண், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னாள்.

ஞானசீலனுக்குப் பகலில் செய்ய வேறு வேலை இல்லை. பழைய டைரி ஒன்றை எடுத்து, விளக்கு நிறம் மாறும் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினார். நான்காம் நாள் மாலை பிலோமினா வந்து செருப்பைக் கழற்றும்போதே கூப்பிட்டார்.

"பிலோ, இங்க வா. இதப் பாரு. வெயில் ஏறினதுக்கப்புறம்தான் வருது. காலைல ஒண்ணுகூட இல்ல. ஞாயித்துக்கிழம மத்தியானம் மட்டும் ஆறு தடவ."

"ஞாயித்துக்கிழம எல்லாரும் நெட்ல படம் பாப்பாங்க. லோடு இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கீழ் வீட்டு ஏசி ஸ்டார்ட் ஆகுற சத்தம் இந்த ஜன்னல்ல கேக்கும். அது உறுமும், ஒடனே இங்க ஆரஞ்சு. ஒரு நாளைக்கு நாலு தடவ அப்படியே நடக்கு. ஃபேனும் ஒரு நொடி வேகமா சுத்திட்டு அடங்குது." பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினார். "இது நெட் இல்ல பிலோ. கரண்டு."

அவள் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள். அது வழக்கம்போல் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றே ஞானசீலன் தரைத்தள வீட்டுச் சந்திரசேகருக்குப் போன் செய்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த மாடிப்படியைச் சுற்றியிருந்த எட்டு வீடுகளுக்கும் தண்ணீர்த் தொட்டி, குப்பை, விளக்கு எல்லாவற்றையும் அவர்தான் கவனித்துக்கொண்டார். எட்டு வீட்டு மின்சார மீட்டர்களும் கீழே படிக்கட்டு ஆரம்பிக்கும் சுவரில், ஒரே பலகையில் இருந்தன. அதன் அடியில் சந்திரசேகர் வீட்டுப் பழைய செய்தித்தாள்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும்.

"சார், மீட்டர் பலகையில எங்கயோ ஒயர் லூசா இருக்கு. லைன்மேனைக் கூப்பிட்டு ஒரு தடவ திறந்து பாக்கச் சொல்லுங்க."

"எப்படி சார் சொல்றீங்க? உங்க வீட்ல கரண்ட் போகுதா?"

"போகல. வைஃபை பெட்டி லைட்டு நிறம் மாறுது."

மறுமுனையில் சந்திரசேகர் சிரித்தது பிலோமினாவுக்கும் கேட்டது. "சார், வைஃபை லைட்டுக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பலகையைத் திறக்கணும்னா அரை நாள் மெயினை ஆஃப் பண்ணணும். இந்த வெயில்ல எட்டு வீட்டுக்காரனும் என்னைக் கிழிச்சுடுவான்."

"எங்க வீட்டுலயும்தான் மெஷின் ஓடுது. சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு, அரை நாள் நாங்க சமாளிச்சுக்கிடுவோம். நீங்க கூப்பிடுங்க."

"அச்சா, சொல்றேன் சார். சொல்லிடறேன்."

இரண்டு நாள் கழித்து ஞானசீலன் மறுபடி கேட்டபோது, மின்சார அலுவலகத்தில் சொல்லியாயிற்று, ஆள் வருவான் என்றார் சந்திரசேகர்.

ஆள் வரவில்லை. நெட் கம்பெனியின் டெக்னீஷியன்தான் வந்தார். விஜயன் என்று பெயர். தில்லியின் மோதி பாகில் பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பது வயதிருக்கும், பேச்சில் பாதி இந்தி. தமிழ் பேசும் வீடு என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அன்று பிலோமினா விடுமுறை எடுத்திருந்தாள்.

விஜயன் படுக்கையறைப் பெட்டியை ஹாலில் சொருகிப் பார்த்தார். அரை மணி நேரம் வெள்ளையாகவே எரிந்தது. திரும்பப் படுக்கையறையில் சொருகியதும் பத்து நிமிடத்தில் ஆரஞ்சு.

"ஹால்ல இந்த பிளக் இன்வெர்ட்டர் லைன்லயா இருக்கு ஆன்ட்டி?"

"ஆமா. கரண்ட் போனா நெட் இருக்கணும்னு மகன் அப்படி மாட்டினான். இங்க இன்வெர்ட்டர் பிளக்ல இவங்க மெஷின் இருக்கு. பெட்டி சாதா பிளக்ல இருக்கு."

"பஸ், அவ்வளவுதான்." விஜயன் கையைத் துடைத்துக்கொண்டார். "டிவைஸ் எல்லாம் டீக், சரியா இருக்கு. உங்க கரண்ட்தான் நடுநடுவுல கட் ஆகுது. ஒரு செகண்ட்கூட இல்ல, அதுக்கும் கம்மி. பல்பு பார்த்தா தெரியாது. இந்தப் பெட்டி ரொம்ப நாசூக்கு, ஒடனே ஆஃப் ஆயி ஆன் ஆகும்."

ஞானசீலன் கட்டிலிலிருந்து மனைவியைப் பார்த்தார்.

"இப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டாள் பிலோமினா.

"இதையும் இன்வெர்ட்டர் லைன்ல போட்டுடறேன். டென்ஷன் கத்தம், முடிஞ்சுது. ஆனா ஆன்ட்டி, லைன்மேனைக் கூப்பிட்டு ஒரு தடவ கீழ பார்க்கச் சொல்லுங்க. ஜல்தி சொல்லுங்க. நான் ஏறி வரும்போது படியில ஒரு மாதிரி வாசனை வந்தது."

மெஷினோடு சேர்த்து இன்னொரு பிளக் வைத்து, படுக்கையறைப் பெட்டியையும் கேமராவையும் இன்வெர்ட்டருக்கு மாற்றினார். ஆரஞ்சு மினுங்கிற்று. பிறகு வெள்ளை. பிலோமினா கைபேசியைத் திறந்தாள். கணவரும் விஜயனும் அதில் தெளிவாகத் தெரிந்தார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. விஜயனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

அதன் பிறகு ஒன்பது நாள் விளக்கு வெள்ளையாகவே எரிந்தது.

முதல் இரண்டு நாளில் ஞானசீலன் இரண்டு முறை கேட்டார். "சந்திரசேகர்ட்ட நீ ஒரு வார்த்த சொல்லுதியா? நீ கீழ எறங்கிப் போறவ. நேர்ல கேட்டா செய்வாரு."

"சொல்லுதேன்."

மறுநாள்: "சொன்னியா?"

"அவரு வாசல்ல இல்லங்க. லைட்டு வெள்ளையாத்தான எரியுது, இப்போ என்ன அவசரம்? சும்மா மனசப் போட்டு ஒழப்பாதீங்க. ஒங்களுக்கு மூச்சு வாங்குது."

அவர் டைரியை மூடித் தலையணைக்கடியில் வைத்தார். நிறம் மாறாத விளக்குக்கு எழுதிவைக்க ஒன்றுமில்லை. படியிறங்கும்போது ஒரு காலை அவளுக்கும் அந்த வாசனை வந்தது. ரப்பர் சூடேறுவது போல. மீட்டர் பலகையைப் பார்த்தாள். மேல் மூலையில் சுண்ணாம்பு கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. எட்டு மணிக்கு டியூட்டி. ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடம். வார்டில் சாப்பாடு முடிந்து அமைதியாக இருந்தது. பிலோமினா மேஜையில் கைபேசியைச் சாய்த்துவைத்துவிட்டு மருந்துப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் ஞானசீலன் கண்ணை மூடியிருந்தார். வெயிலுக்காகத் திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டிருந்தார்.

திரைச்சீலை படபடத்தது.

அவள் நிமிர்ந்தாள். ஜன்னல் மூடியிருக்கிறது, காற்று ஏது? மேலே ஃபேன் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அறை விளக்கு ஒருமுறை பளீரென்று வெளுத்து அணைந்தது. ஃபேன் வேகம் குறைந்து, குறைந்து, நின்றது. அரையிருட்டில் ஆக்சிஜன் மெஷினின் பச்சை விளக்கும் பெட்டியின் வெள்ளை விளக்கும் மட்டும் எரிந்தன. ஞானசீலன் கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். கதவின் கீழ்ப்பாகத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தரையோடு தரையாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

அவள் அழைத்தபோது அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"பிலோ, பொக."

"பாக்கேன். நான் சொல்லுதத மட்டும் செய்யுங்க. மொதல்ல மெஷினை அணைங்க."

"அணைச்சா மூச்சு—"

"நெருப்புக்கிட்ட ஆக்சிஜன் ஓடக்கூடாது. அணைங்க! சின்ன சிலிண்டரும் வேண்டாம். படுக்கையறைக் கதவைச் சாத்துங்க. போர்வையில தண்ணி பாட்டிலை ஊத்தி அடியில திணிங்க."

படத்தில் அவர் எழுந்தார். குழாயைக் கழற்றினார். கதவுக்கு நாலடி. அந்த நாலடியை அவர் கடந்ததைத் தன் வாழ்நாளில் தான் பார்த்த எதையும்விட நீளமானதாக அவள் பிறகு நினைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினார். குனிய முடியாமல் அப்படியே சரிந்து உட்கார்ந்து, ஈரப் போர்வையைக் கையால் தள்ளித் தள்ளித் திணித்தார். பக்கத்து மேஜையில் இருந்த நர்ஸ் அதற்குள் தீயணைப்புக்குப் பேசி விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்போ பால்கனி. எந்திரிக்க வேண்டாம். தரையோட நகந்து போங்க. பொக மேலதான் நிக்கும்."

அவர் நகர ஆரம்பித்தார். அப்போது படம் நின்றது. நெட் கம்பி மாடிப்படி வழியாகத்தான் மேலே வந்தது. கறுத்த திரையில் 'இணைப்பு இல்லை' என்று எழுத்து வந்தது. போனில் மட்டும் அவர் மூச்சு கேட்டது. விசில் போல, இழுத்து இழுத்து.

"பேசாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க. எனக்குக் கேக்குது. நான் வந்துக்கிட்டிருக்கேன்."

ஆட்டோவில் இருபது நிமிடம் அந்த மூச்சைக் காதில் வைத்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அது இருமலாக மாறியது. பிறகு ஏதோ விழும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போன் தொடர்பு அறுபடாமல்தான் இருந்தது.

தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். மாடிப்படியின் சிமெண்ட் சல்லடைச் சுவர் வழியாக மூன்று மாடியிலும் கரும்புகை வெளியேறிக்கொண்டிருந்தது. பின்பக்கம் தீயணைப்பு ஏணி நின்றது. இரண்டு பேர் ஞானசீலனைத் தோளில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற மாடிக்காரர்களை ஏற்கெனவே பால்கனி வழியாக இறக்கியிருந்தார்கள். அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் கழுத்தில் விரலை வைத்தாள். நாடி இருந்தது.

ஆம்புலன்ஸில் ஏறும்போதுதான் சந்திரசேகரைப் பார்த்தாள். நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். பிச்சை கேட்பவர் போல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்திருந்தார். தோல் உரிந்து தொங்கியது. மீட்டர் பலகைக்கடியில் எரிந்த செய்தித்தாள் கட்டுகளை வெறும் கையால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டாராம். அதனால்தான் தீ படியேறவில்லை, புகையோடு நின்றது என்று தீயணைப்பு ஆட்கள் சொன்னார்கள்.

ஞானசீலன் பதினெட்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். பிழைத்தார். ஆனால் மிச்சமிருந்த நுரையீரலிலும் பாதியைப் புகை கொண்டுபோய்விட்டது. மருத்துவர் பிலோமினாவைத் தனியாக அழைத்து, அவருக்கு மிச்சமுள்ள நாளை மாதக்கணக்கில் சொன்னார், வருடக்கணக்கில் சொல்லவில்லை. அவள் வேலையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்தாள். இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்து அவரைக் கொண்டுவந்தாள்.

சந்திரசேகரின் கைகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அதைத் தான் செய்வதாக அவளே போய்ச் சொன்னாள். அவர் மனைவி வள்ளியம்மை ஆறவைத்த வெந்நீரையும் துணியையும் எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பிலோமினா பழைய கட்டை நனைத்து நனைத்துப் பிரிப்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். மூன்று வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஜூலையில் ஒரு நாள், கட்டு பாதி பிரிந்திருந்தபோது அவர் சொன்னார்:

"மேடம், சார் சொன்னப்போ நான் மின்சார ஆபீசுக்குப் போனே பண்ணலை. பண்ணிட்டேன்னு பொய் சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்."

"தெரிஞ்சுமா வந்து கட்டறீங்க?"

அவள் புதுத் துணியை மருந்தில் தோய்த்தாள். "அந்த டெக்னீஷியன் எங்கிட்டயும்தான் சொன்னாரு, கீழ பாக்கச் சொல்லுங்கன்னு. எங்க வீட்டுல அவுக ரெண்டு தடவ கேட்டாவ, ஒங்கட்ட சொல்லச் சொல்லி. எனக்குப் படம் தெரிஞ்சிட்டு. அதோட போதும்னு இருந்துட்டேன். அந்த வாசனை எனக்கும் வந்துச்சு சார். எத்தன பேருக்குக் காய்ச்சலுக்கு மருந்து குடுத்துட்டுக் காரணத்தத் தேடலன்னு ஜூனியர் நர்ஸுகளத் திட்டியிருக்கேன்."

சந்திரசேகர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் விரல்களைத் தனித்தனியாகச் சுற்றி முடித்தாள்.

"நான் சாரைப் பார்க்கலாமா?" என்று அவள் கிளம்பும்போது வாசலில் வந்து கேட்டார்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தைதான் இப்போது அவரால் பேச முடிந்தது.

"வரச் சொல்லு."

அன்று மாலையே சந்திரசேகர் வந்தார். வெளியே மழை தூறியது. கட்டுப் போட்ட கைகளால் செருப்பைக் கழற்ற முடியாமல் காலால் உதறினார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

ஞானசீலன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார்.

"விரல்... மடங்குதா?"

"இடது கை கொஞ்சம் மடங்குது சார். வலது கை... பாக்கலாம்னு சொல்றாங்க."

ஞானசீலன் தலையசைத்தார். மெல்லக் காலை நகர்த்திக் கட்டிலில் இடம் விட்டார். சந்திரசேகர் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது ஞானசீலனுக்கு இருமல் வந்தது. நீண்ட இருமல். உதடு நீலம் பாரித்தது. பிலோமினா வந்து மெஷினில் அளவை அரை லிட்டர் கூட்டினாள். முந்தின வாரம்தான் ஒரு முறை கூட்டியிருந்தாள். இதற்கு மேல் கூட்ட அந்த மெஷினில் ஒரு லிட்டர்தான் பாக்கி.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் முதுகைத் தடவிக்கொண்டே, மூச்சு சீராகிறதா என்று எண்ணிக்கொண்டு நின்றாள்.